காற்றின்மேல் பழி

“மாநகராட்சிக்குப் பக்கவாதம்!” “வேலைநிறுத்தத்தால் நகரின் இரு கால்களும் பக்கவாதம் கண்டன!” இத்தகைய தலைப்புகளைத் தீட்டிக் களிப்புறும் ஏட்டாளர் நம் நாட்டில் ஏராளம். தீட்டியவர் தம் பேனாவின் வன்மையை எண்ணிப் பூரிக்கிறார். படிப்பவர் தலையை அசைத்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறார். நாம் அந்த இடத்தில் சற்றே நின்று ஒன்று கேட்கிறோம்: பக்கம் என்றால் ஒரு பக்கம் அன்றோ? இரு கால்களுக்கும் பக்கவாதம் எப்படி ஐயா வரும்?

சொல்லைப் பிழைபட ஆள்வது சிறு குற்றம், அதைப் புலவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கூறித் தோளைக் குலுக்குவோர் உளர். வேறு சொல்லாக இருப்பின் நாமும் விட்டுவிடுவோம். இந்தச் சொல்லை விடுவதற்கில்லை. வீட்டில் ஒருவருக்குக் கை விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது என்ற வேளையில், சுற்றி நிற்பவர் வாயில் வரும் முதற்சொல் ‘பக்கவாதம்’. அந்தச் சொல்லை அவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டிருக்கிறார்களோ, அவ்வாறே அடுத்த நான்கு மணி நேரம் கழியும். வீழ்ந்தவர் மீண்டும் எழுந்து நடப்பாரா, தம் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைப்பாரா என்பது பெரும்பாலும் அந்த நான்கு மணி நேரத்தைப் பொறுத்தது. எனவே இச்சொல்லை எடுத்துத் திருப்பிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

‘வாதம்’ வடசொல். வடமொழியில் அது இரண்டு வேறு சொற்கள். ஒன்று காற்று, மற்றொன்று சொற்போர். அம்மொழியில் இரண்டிற்கும் ஒலி வேறு, எழுத்து வேறு. தமிழுக்கு வந்தபோது இரண்டும் ஒரே ‘த’வில் ஒண்டிக்கொண்டன. அதனால்தான் பட்டிமன்ற மேடைகளில், “எல்லா வாதத்துக்கும் மருந்துண்டு, பிடிவாதத்துக்கு மட்டும் மருந்தில்லை” என்று கூறிக் கைதட்டல் வாங்க முடிகிறது. கேட்டுக் கேட்டுப் புளித்த நகைச்சுவைதான். ஆயினும் அதில் ஓர் உண்மை உண்டு. நோயைக் குறிக்க நாம் வைத்திருக்கும் சொல், நோயைப்பற்றி நமக்கு எதுவும் சொல்வதில்லை. காற்று என்கிறது, அல்லது வழக்காடு மன்றத்தில் நிற்கிறது.

காற்று எப்படி நோயாயிற்று? உடலை இயக்குவன வளி, அழல், ஐயம் என மூன்று. அவை மிகினும் குறையினும் பிணி தோன்றும் என்பது பழைய மருத்துவர் கொள்கை. வள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தில் வளியையே முதலில் வைத்தார். வடசொல்லைத் தேடவில்லை, தமிழ்ச்சொல்லே அவருக்குப் போதுமாயிருந்தது. சித்த மருத்துவ மரபு வாத நோய்களை எண்பது என்று எண்ணி வகுத்தது. அசைவு காற்றின் செயல், ஆகவே அசைவு கெட்டால் காற்று கெட்டது என்று அவர்கள் கருதினர். இதை எள்ளி நகையாட நாம் முன்வரவில்லை. கண்ணால் காண இயலாத ஒன்றுக்குக் கண்டறிந்தவரை காரணம் தேடியவர்கள் அவர்கள். நோயின் காரணத்தை முதலில் ஆராய்க என்று கூறியவர் வழிவந்தோர், அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தாமல் பாதி வழியில் படுத்துவிட்டதுதான் வருத்தத்துக்குரியது.

மேல்நாட்டாரும் நெடுங்காலம் இருளில்தான் கிடந்தனர். ‘ஸ்ட்ரோக்’ என்று நாகரிகமாக உச்சரிக்கிறார்களே நம் நகரத்துப் பெருமக்கள், அதன் பொருள் என்ன? அடி. ஆண்டவன் அடித்தான் என்பதே அதன் பழைய கருத்து. நம் ஊரில் முனி அடித்தது. அவர்கள் ஊரில் கடவுள் அடித்தார். ஆங்கிலம் பேசுவதால் மட்டும் மூடநம்பிக்கை கழன்றுவிடுவதில்லை. ஆனால் அவர்களுள் ஒருவர் கத்தியை எடுத்தார். சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் வெப்ஃபர், இவ்வாறு திடீரென வீழ்ந்து மாண்டவர்களின் தலையைத் திறந்து பார்த்து, மூளையில் குருதி கசிந்து உறைந்திருப்பதைக் கண்டு 1658இல் நூலாக வெளியிட்டார். இங்கோ, பிணத்தைத் தொட்டால் தீட்டு என்ற விலங்கு கையில் கிடந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா 1836இல் பிணத்தை அறுத்துப் பாடம் கற்கத் துணிந்தது ஒரு புரட்சி என்று பேசப்பட்டதெனில், இடைக்காலம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். உயிரோடிருப்பவரின் மண்டையைத் திறக்காமலே உள்ளே பார்க்கும் சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971இல், இலண்டனில். அதற்கு முன் வாழ்ந்த நம் பாட்டனார் ‘வாதம்’ என்றதற்கு அவரைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ‘வாதம்’ என்போரிடம்தான் நமக்கு வழக்கு.

படம் காட்டுவது காற்றை அன்று. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் ஒன்று அடைபட்டிருக்கும். பெரும்பாலோருக்கு நேர்வது அதுவே. எஞ்சியோருக்குக் குழாய் வெடித்துக் குருதி கசிந்திருக்கும். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பாதியை ஆள்கிறது. வலப்பாதி இடப்பாதியை ஆள்கிறது. ஆகவே வலக்கையும் வலக்காலும் விழுந்தன என்றால் கேடு நிகழ்ந்தது பெரும்பாலும் மூளையின் இடப்புறத்தில். பேச்சும் பலருக்கு இடப்புறத்தில் குடியிருப்பதால், வலப்பக்கம் விழுந்தவருக்கு நாவும் குழறுவது மிகுதி. கையில் ஒரு குறையும் இல்லை. எலும்பு முறியவில்லை, தசை கிழியவில்லை. ஆணை பிறப்பிக்கும் இடம் அழிந்துகொண்டிருக்கிறது. அடைபட்ட குழாய் திறக்கப்படாத ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் வெளியான ஒரு கணிப்புக் கூறிற்று.

இனிச் சொல்லின் குற்றத்தைக் காண்க. வீடு பற்றி எரிகிறது. ‘பக்கவாதம்’ என்ற சொல்லோ வெளியே சாம்பல் விழுந்த திண்ணையைச் சுட்டிக்காட்டுகிறது. பக்கம் என்கிறது, எனவே வீட்டார் கையையும் காலையும் பார்க்கின்றனர். வாதம் என்கிறது, எனவே காற்றை இறக்க எண்ணெய் தேடுகின்றனர். ஒருவர் ஓடிச்சென்று புறாவை அறுத்து அதன் குருதியைத் தேய்க்கிறார். மற்றொருவர் பக்கத்து ஊரில் கைராசிக்காரர் ஒருவர் இருக்கிறார், வரும் வெள்ளிக்கிழமை போகலாம் என்கிறார். காற்றுக் கருப்பு அண்டியிருக்கும், வேப்பிலை அடியுங்கள் என்கிறார் இன்னொருவர். அவருக்கும் காற்றுத்தான் காரணம்! மருத்துவ நூலின் காற்றும் மந்திரவாதியின் காற்றும் கைகோத்துக்கொள்ளும் இடம் இந்தச் சொல்லே. உருவிவிடும் கைகளில் அன்பு இல்லை என்று நாம் சொல்லவில்லை. உருவப்படும் கை அழியவில்லை; உருவ முடியாத மூளை அழிகிறது.

‘மாரடைப்பு’ என்னும் சொல்லை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் படைத்தாரோ, அவருக்கு நம் வணக்கம். மார், அடைப்பு. எங்கே என்பதையும் என்ன என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. படிப்பறியாத மூதாட்டியும் அச்சொல்லைக் கேட்டதும் ஆட்டோவை அழைக்கிறார். எண்ணெயைக் காய்ச்ச அடுப்பு மூட்டுவதில்லை. மாரில் நிகழ்வதே மூளையில் நிகழும்போது மட்டும் நாம் ஏன் காற்றைக் கூப்பிடுகிறோம்? ‘மூளையடைப்பு’ என்று சொல்லக் கூடாதா? கசிவாயின் ‘மூளைக் குருதிக் கசிவு’ என்னலாமே! எது என்பதை ஸ்கேன் பார்த்த பின்னரே கூற இயலும் என்பது உண்மை. கரைக்கும் மருந்தை கசிவுக்குக் கொடுத்தால் கேடு என்பதும் உண்மை. ஆகவே வீட்டார் தாமாக முடிவு கட்ட வேண்டியதில்லை. “மூளைக்கு ஏதோ நேர்ந்துவிட்டது” என்று சொன்னாற் போதும். அந்த வாக்கியம் மருத்துவமனைக்கு வழி காட்டும். “வாதம் அடித்துவிட்டது” என்னும் வாக்கியம் எண்ணெய்க் கடைக்கு வழி காட்டும்.

விரைந்து சென்றால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அடைப்பைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்திற்குள் ஏற்றினால் முடக்கம் குறைகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1995இல் காட்டிற்று. 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நான்கரை மணியாக நீட்டியது. பெரிய குழாயில் அடைப்பு என்றால், குழாய் வழியே கம்பியைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை பயன் தருவதாக 2015இல் பல ஆய்வுகள் ஒருசேர மெய்ப்பித்தன. தேர்ந்தெடுத்த சிலருக்கு அதை 24 மணி வரையிலும் செய்கின்றனர். இவ்வளவும் வந்த பின்னரும் ‘வெள்ளிக்கிழமை’ வரை காத்திருக்கச் சொல்லும் ஒரு சொல்லை எப்படிப் போற்றுவது?

‘பக்கவாதம்’ என்ற சொல்லை நாட்டைவிட்டே துரத்த வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவ்வளவு எளிதில் துரத்தவும் இயலாது. மருத்துவமனைப் பலகைகளில் ஏறி அமர்ந்துவிட்டது. உடலின் ஒரு பக்கத்துக் கையும் காலும் வலுவிழந்த நிலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். அது நிலையின் பெயர். நோயின் பெயர் அன்று. அந்த நிலை மூளையடைப்பால் வரலாம், கசிவால் வரலாம், மூளையில் கட்டி வளர்ந்தும் வரலாம், தலையில் அடிபட்டும் வரலாம். மறுபுறம், மூளையடைப்பு வந்தும் கை கால் விழாமல் பார்வை மட்டும் மங்குவோர், பேச்சு மட்டும் குழறுவோர், தள்ளாடுவோர் உளர். “கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, இது பக்கவாதம் ஆகாது” என்று சொல்லிப் படுக்கவைப்பது இவர்களைத்தான். சொல்லின் குற்றம் இங்கே உயிரோடு விளையாடுகிறது.

வாதக் குடும்பத்தின் மற்ற உறுப்பினரையும் விசாரித்துவிடுவோம். ‘முகவாதம்’ என்பதில் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தொய்கிறது. அங்கே கெட்டது மூளை அன்று, முகத்துக்குச் செல்லும் நரம்பு. அந்நரம்பு கெட்டால் நெற்றியைச் சுருக்கவும் முடியாது, அப்பக்கக் கண்ணை மூடவும் முடியாது. மூளையடைப்பில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். இரண்டும் ‘வாதம்’ என்பதால் இரண்டையும் ஒன்றென மயங்குவோர் உளர். வேறுபாட்டை வீட்டில் நிலைக்கண்ணாடி முன் நின்று தீர்மானிக்க வேண்டா; மருத்துவரிடம் செல்க.

‘முடக்குவாதம்’ பெரும் குழப்பக்காரன். மருத்துவர் அதைக் கைகால் மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்க்குப் பெயராக ஆள்கின்றனர். ஏட்டாளரோ முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவரையும் ‘முடக்குவாத நோயாளி’ என்கின்றனர். முன்னது மூட்டின் நோய். வலி உண்டு, அசைவும் உண்டு. பின்னது தண்டுவடத்தின் சேதம். ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவருக்குக் கொடுப்பதில்லை. பெயரை மட்டும் ஏன் கொடுக்கிறோம்? ‘நடுக்குவாதம்’ என்பதிலோ செயலிழப்பே இல்லை. நடுக்கமும் இறுக்கமும் மந்தமும்தான் உண்டு. 1817இல் அதை விளக்கி எழுதிய இலண்டன் மருத்துவர் பார்க்கின்சனும் அதை நடுங்கும் வாதம் என்ற பொருள்படவே அழைத்தார். பின்னர் வந்தோர் அவர் பெயரையே நோய்க்குச் சூட்டிவிட்டு நகர்ந்துவிட்டனர். ‘பெருமூளை வாதம்’ என்ற பெயரைக் கேட்டவுடன் அந்தக் குழந்தைக்கு அறிவில்லை என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அது உடலின் அசைவையும் நிலைப்பையும் தாக்குவது. அக்குழந்தைகளுள் தெளிந்த அறிவுடையோர் பலர். பேச்சு தெளிவாக வராததால் அறிவும் தெளிவாக இல்லை என்று கருதுவது, ஊமைக்கு எண்ணமே இல்லை என்று கூறும் பேதைமைக்கு ஒப்பாகும்.

கிறித்தவர் தமிழ் விவிலியத்தில் ‘திமிர்வாதக்காரன்’ என்றொரு சொல் உண்டு. படுக்கையோடு தூக்கிவரப்பட்டவனைக் குறிப்பது. திமிர் என்றால் அன்று மரத்துப்போதல். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் திமிர்த்துப்போகிறது என்கிறோமே, அது. இன்றைய பள்ளிப் பிள்ளையிடம் அச்சொல்லைக் கொடுத்தால், திமிர் பிடித்து வாதாடுகிறவன் என்று பொருள் உரைப்பான். அவன்மேல் பிழையில்லை.

இந்தக் குடும்பத்தில் ஒரே ஒருவன்தான் ஏறக்குறைய ஒழிந்தான்: ‘இளம்பிள்ளை வாதம்’. அவன் ஒழிந்த வரலாறு நமக்குப் பாடமாகும். அது காற்றால் வந்ததன்று. கண்ணுக்குத் தெரியாத கிருமி வாய்வழிப் புகுந்து, தண்டுவடத்தில் அசைவை ஆளும் அணுக்களைத் தின்றதால் வந்தது. காற்று என்று நம்பியிருந்தவரை தைலம்தான் கிடைத்தது. கிருமி என்று கண்ட பின் சால்க் தடுப்பூசி 1955இல் பயனுக்கு வந்தது. சேபினின் சொட்டு மருந்து பின்தொடர்ந்தது. இந்தியாவில் அந்நோய்க் கிருமி இயல்பாகப் பரவித் தாக்கிய கடைசிக் குழந்தை 2011 சனவரியில், மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரத்துக்கு அந்நோய் நீங்கிய சான்றை வழங்கிற்று. அந்தப் பணியில் வீடு வீடாகச் சென்ற பெண்கள் சொன்ன சொல் ‘போலியோ’. தூய தமிழ்ச்சொல்லுக்காக உயிரையும் கொடுக்க முன்வரும் நாம் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாயிருக்கும். ‘வாதம்’ என்ற பழைய வடசொல்லினும், பொருளை மறைக்காத புதிய கடன்சொல் அங்கே நன்றாக உழைத்தது. நல்ல தமிழ்ச்சொல் வரும்வரை அது இருக்கட்டும்.

கதைகளையும் திரைப்படங்களையும் பற்றி ஒரு சொல். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பாத்திரத்தின் காலில் தீப்பட்டதாம். அவளுக்கு உணர்ச்சியே இல்லையாம். இப்படிக் கதை எழுதுகிறார்கள். அந்நோயில் அசைவுதான் போகும், தொடுவுணர்ச்சி போவதில்லை. சுட்டால் சுடும், அவளால் காலை இழுத்துக்கொள்ளத்தான் முடியாது. மரத்துப்போதல் வேறு, அசையாமை வேறு என்னும் இந்தச் சிறு வேறுபாட்டை அறியாமல் நூறு பக்கம் துன்பியல் எழுதுவது எளிதுதான். திரைப்படத்திலோ, ஆண்டுக்கணக்கில் சக்கர நாற்காலியில் கிடந்த தாய், கோயில் மணி ஒலித்ததும் எழுந்து நடப்பாள். கொட்டகையில் தேங்காய் உடைக்காத குறை! தசைப்பயிற்சி அளிப்பவர் திங்கட்கணக்கில் பாடுபட்டு ஒரு விரலை அசைக்க வைக்கிறார். அவருக்கு அந்தப் படத்தில் ஒரு காட்சிகூட இல்லை.

நோயைத் தண்டனையாகக் காட்டும் வழக்கமும் ஒழிய வேண்டும். 1954இல் வெளிவந்த ‘இரத்தக்கண்ணீர்’ நடிகவேள் எம்.ஆர். இராதாவின் ஈடற்ற படைப்பு; போலிப் பெருமைகளை அது பிளந்ததை மறப்பார் இலர். எனினும் ஒழுக்கம் கெட்டவனுக்குத் தொழுநோய் என்ற அதன் கணக்கு அறிவுக் கணக்கன்று. அது ‘முன்வினை’ பேசுவோரின் கணக்கு. கொடிய பண்ணையாருக்கு இறுதிக் காட்சியில் பக்கவாதம் வரவழைக்கும் கதாசிரியரும் அக்கணக்கையே போடுகிறார். குருதி அழுத்தம் மிகுந்தால் வரும். நீரிழிவு, புகை இவற்றால் வரும். நல்லவர் பலருக்கும் வருகிறது.

அன்றாட வாக்கியங்களுக்கு வருவோம். “அவர் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார்” என்று எழுதுகின்றனர். ஆங்கில வாக்கியத்தின் மேல் தமிழ்ச் சட்டையை மாட்டியது போலிருக்கிறது. நம் மொழியில் நோய் மனிதருக்கு வரும், காணும்: “அவருக்கு அம்மை கண்டது”, “அவருக்குக் காய்ச்சல் வந்தது”. அதுபோல் “அவருக்குப் பக்கவாதம் வந்தது” என்றால் இலக்கணமும் நிறைவு, பொருளும் நிறைவு. “அவர் செயலிழந்தார்” என்று எழுதுவது பெரும்பிழை. செயலிழந்தது வலக்கை; அவர் அல்லர். இடக்கையால் கையெழுத்திடப் பழகி, அலுவலகம் சென்று, வாக்குச்சாவடியிலும் வரிசையில் நிற்கிறார். “வலக்கை செயலிழந்தது” என்று எழுத ஒரு சொல்தான் கூடுதல் செலவு. “முடங்கிப்போனவர்”, “படுக்கையில் விழுந்த பிணம்” என்ற வருணனைகளைத் தீட்டுவோர், அந்த வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்று எண்ணுவதில்லை போலும். கலைஞர் முதலமைச்சராய் இருந்த 2006–2011 ஆட்சிக் காலத்தில் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து அகன்று ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல் அமர்ந்தது. அச்சொல்லைப் பற்றி மாறுபட்ட கருத்துடையோரும் உளர். ஆயினும், ஒருவரைக் குறைபாட்டின் பெயரால் அழைக்கக் கூடாது என்ற எண்ணம் அரசாணையாகவே வந்தது சிறு செய்தியன்று. அதன் பிறகும் “மூளை முடங்கியவர்கள்”, “நொண்டி ஆட்சி” என மாற்றாரை ஏசும் சொற்பொழிவாளர் மேடைகளில் இருக்கின்றனர். நம் மேடைகளும் அதற்கு விலக்கல்ல.

முதலில் சொன்ன தலைப்புக்குத் திரும்புவோம். மாநகராட்சிக்குப் பக்கவாதம் என்கிறார் ஏட்டாளர். பக்கவாதம் வந்தவர் அசைய விரும்புகிறார், முயல்கிறார், வியர்த்துக் கொட்ட ஒரு விரலை நகர்த்தப் போராடுகிறார், இயலவில்லை. மாநகராட்சி அலுவலகமோ அசைய முடியும், விரும்பவில்லை. குப்பை அள்ள வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறார், கையெழுத்துத்தான் இல்லை. இவ்விரண்டும் ஒன்றா? உழைக்க மறுக்கும் அலுவலகத்துக்கு, உழைத்து உழைத்து ஓரடி எடுத்துவைக்கும் மனிதரின் பெயரைச் சூட்டுவது அவருக்குச் செய்யும் இழுக்கு. அலுவலகத்துக்கோ அது ஒரு சலுகை. நோயாளியைக் கடிந்துகொள்ள முடியாதல்லவா? “மாநகராட்சி பத்து நாளாகக் குப்பை அள்ளவில்லை” என்று எழுதினால் பொறுப்பாளி யார் என்பது விளங்கும். உவமை அழகாக இருக்கிறது என்பதற்காக உண்மையைத் தப்பவிடலாமா?

மருத்துவர்களிடமும் நமக்கு ஒரு கோரிக்கை உண்டு. யாழ்ப்பாணத்தில் 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ் கற்றார். தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு ஆகியவற்றுக்குத் தமிழ் நூல்களை வெளியிட்டார். ‘அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’, ‘வைத்தியாகரம்’ என்று அவர் நூல்களின் பெயர்களில் வடமொழி வாடை வீசுகிறதென்பது மெய். அக்காலத்துக் கற்றோர் வழக்கு அது. அயல்நாட்டார் ஒருவருக்கு இருந்த அந்த ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கு, இந்த மண்ணில் பிறந்து, இம்மக்கள் வரிப்பணத்தில் படித்த நம் மருத்துவருக்கு வேண்டாமா? “ஸ்ட்ரோக், லெஃப்ட் எம்.சி.ஏ.” என்று கூறிவிட்டு நகர்கின்றனர் சிலர். கேட்ட மனைவி வெளியே வந்து, காத்திருக்கும் உறவினரிடம், “வாதமாம்” என்கிறார். நடுவில் தொலைந்தது என்ன? மூளை தொலைந்தது. “அம்மா, மூளையில் ஒரு குழாய் அடைத்துவிட்டது, அதனால் கை விழுந்திருக்கிறது, குருதி அழுத்த மாத்திரையை இனி ஒரு நாளும் நிறுத்தக் கூடாது” என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், குருதி அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்ல வகை செய்தது. இயன்முறைப் பயிற்சியையும் அதில் சேர்த்தது. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. அது எதைத் தடுக்கிறது என்பதைச் சொல்லும் சொல் இன்னும் வந்து சேரவில்லை. கை விழுந்த பின் ‘வாதம்’ என்பவர், அந்த மாத்திரைக்கும் அந்தக் கைக்கும் தொடர்பு இருப்பதை எங்ஙனம் அறிவார்? நடந்துகொண்டிருக்கையில் “இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று அவர் மாத்திரையை நிறுத்துவது இந்த அறியாமையால்தான்.

கற்றோர் கைவிட்ட தெளிவு கல்லாதார் பேச்சில் உயிரோடிருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். “ஒரு பக்கம் விழுந்துபோச்சு”, “வாய் கோணிடுச்சு”, “பேச்சு குழறுது” என்கின்றனர் நம் தாய்மார். கண்டதைக் கண்டபடி சொல்லும் வாக்கியங்கள் இவை. இவற்றில் காற்றும் இல்லை, கடவுளும் இல்லை. “இழுத்துக்கிச்சு” என்பது மட்டும் இடர் தரும். வலிப்புக்கும் அதையே சொல்வர், மூச்சிரைப்பையும் இழுப்பு என்பர். மருத்துவர் ஒன்று நினைக்க, சொல்பவர் வேறொன்று நினைப்பார். அங்கே கை வெட்டி வெட்டி இழுத்ததா, தொங்கிப்போயிற்றா என்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

ஐயம் தோன்றினால் சிரிக்கச் சொல்லுங்கள்; இரு கைகளையும் முன்னே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்; ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். வாய் ஒரு புறம் தொய்ந்தாலும், ஒரு கை தாழ்ந்தாலும், பேச்சு குழறினாலும் 108க்கு அழைப்பதே அடுத்த வேலை. வாயில் தண்ணீரோ கஞ்சியோ ஊற்ற வேண்டா. விழுங்கும் ஆற்றலும் போயிருக்கலாம், ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும்.

மருத்துவமனையில் கேட்கப்படும் முதற்கேள்வி, “எப்போது தொடங்கிற்று?” என்பதாகவே இருக்கும். அதற்கு உரிய விடை இப்படி அமையும்: “காலை ஆறு மணிக்குக் காப்பி குடித்தார், நன்றாகப் பேசினார், ஆறேகாலுக்கு வலக்கையிலிருந்த குவளை விழுந்தது, வாய் கோணியது.” இந்த விடையில் பக்கவாதமும் இல்லை, மூளையடைப்பும் இல்லை, ஒரு கலைச்சொல்கூட இல்லை. மருத்துவருக்கு வேண்டிய அனைத்தும் இருக்கிறது. உறக்கத்திலிருந்து எழும்போதே கை விழுந்திருந்தால், விழித்த நேரத்தைத் தொடக்கமாகச் சொல்லிவிடக் கூடாது; இரவு கடைசியாக அவர் நன்றாக இருந்ததைக் கண்டது எத்தனை மணிக்கு என்பதைச் சொல்ல வேண்டும். நான்கரை மணிக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.